குட்டைத் துப்பாக்கி, நீளக் குழல்

கேள்வி: ஐயா, நான் கல்லூரியில் என்.சி.சி. கேடட். படிப்பு முடிந்ததும் பரங்கிமலை அதிகாரிகள் பயிற்சி அகாடமியில் சேர வேண்டும் என்பது ஆசை. எல்லையில் நம் ராணுவம் வைத்திருக்கும் பாரெட் எம்95 ரைபிளின் படத்தைப் பார்த்தேன். அதில் மேகசின் டிரிகருக்குப் பின்னால் இருக்கிறது. இந்த அமைப்புக்குப் பெயர் ‘புல்பப்’ என்றார் எங்கள் சீனியர். நீளம் குறைகிறது, சுடும் தூரம் குறையவில்லை என்றால் எல்லா ஸ்னைப்பர் ரைபிளையும் இப்படியே செய்துவிடலாமே?
— கல்லூரி மாணவர், நங்கநல்லூர்

பதில்: தம்பி, சாதாரண ரைபிளில் டிரிகரிலிருந்து தோள்வரை இருப்பது வெறும் கட்டை. தோளில் பொருத்துவதைத் தவிர அதற்கு வேலையில்லை. புல்பப்பில் தோட்டா வெடிக்கும் அறை, போல்ட், மேகசின் மூன்றையும் அந்தக் கட்டை இருந்த இடத்துக்கே கொண்டுபோய்விடுகிறார்கள். குழலில் ஓர் அங்குலம்கூட வெட்டாமல் துப்பாக்கி குட்டையாகிவிடுகிறது.

குழலை வெட்டாததுதான் இதில் முக்கியம். மருந்து எரிந்து வரும் வாயு, குண்டு குழலுக்குள் இருக்கும்வரைதான் அதைத் தள்ளும். பெரிய தோட்டாவில் மருந்து அதிகம். அது முழுதாக வேலை செய்ய நீளமான குழல் வேண்டும். குழல் குறைந்தால் வேகம் குறையும். ஆயிரம் மீட்டருக்கு அப்பால் போகும்போது குண்டு கூடுதலாகத் தாழும், காற்றும் அதைக் கூடுதலாக ஒதுக்கும்.

எம்95-இன் குழல் 737 மில்லிமீட்டர். மொத்த நீளம் 1,143. நம் ராணுவம் பிற்பாடு வாங்கிய ஃபின்லாந்தின் சாகோ டிஆர்ஜி-42 வழக்கமான அமைப்பு கொண்டது. அதன் குழல் 690, மொத்த நீளம் 1,200. குழல் நீளமாக இருந்தும் மொத்தத்தில் எம்95 குட்டை. ஜெர்மனியின் டிஎஸ்ஆர்-1 இன்னும் ஒரு படி மேலே: 650 மில்லிமீட்டர் குழலை வைத்துக்கொண்டு ஒரு மீட்டருக்குள் முடிந்துவிடுகிறது. ஹெலிகாப்டர், வண்டி, புதர்க்காடு, சின்ன அறையின் ஜன்னல் என்று திரும்ப இடமில்லாத இடங்களில் இந்த வித்தியாசம் பெரிது. சத்தம் அடக்கும் குழாயை முனையில் மாட்டினாலும் துப்பாக்கி கைக்கு அடங்கும். எடை தோளை ஒட்டி இருப்பதால் நின்றபடி பிடிப்பதும் எளிது.

இனி குறைகளுக்கு வருகிறேன். இது புது யோசனை அல்ல. 1901-லேயே பிரிட்டனில் தார்னிகிராஃப்ட் கார்பைன் என்ற போல்ட் ஆக்‌ஷன் புல்பப்பைச் சோதித்தார்கள். அன்றைய லீ என்ஃபீல்டைவிட அது 19 சென்டிமீட்டர் குட்டை, எடையும் குறைவு. ஆனாலும் உதை அதிகம், கையாள வசதியில்லை என்று ஒதுக்கிவிட்டார்கள். இரண்டாவது குறை இன்றுவரை முழுதாகத் தீரவில்லை.

என்.சி.சி.யில் நீங்கள் சுடும் .22 ரைபிளை நினைத்துக்கொள்ளுங்கள். படுத்த நிலையில் சுட்டதும் வலது கை டிரிகரை விட்டு, சற்று மேலேயே இருக்கும் போல்ட் பிடியைத் தூக்கி இழுத்துத் தள்ளி, திரும்ப வந்துவிடும். கன்னம் அசைய வேண்டியதில்லை, கண் குறியை விட்டு விலகாது. புல்பப்பில் போல்ட் இருப்பது கன்னத்துக்குப் பக்கத்தில். முழங்கையை மடக்கித் தோள்வரை கையைக் கொண்டுபோக வேண்டும். போல்ட் பின்னே வர இடம்விட்டுப் பலரும் தலையைத் தூக்குவார்கள். தூக்கிய கணத்தில் குண்டு எங்கே விழுந்தது என்பது தெரியாமல் போகும். தொலைதூரச் சுடுதலில் முதல் குண்டு விழுந்த இடத்தைப் பார்த்துத்தான் இரண்டாவதைத் திருத்துகிறோம். அந்தத் தகவலை இழப்பதைச் சின்னக் குறை என்று என்னால் சொல்ல முடியாது.

தானியங்கி புல்பப்பில் இந்தத் தொல்லை இல்லை. நம் பாரா சிறப்புப் படையினர் வைத்திருக்கும் டவோர் அப்படிப்பட்டது. அடுத்த தோட்டாவை அதுவே ஏற்றிக்கொள்ளும். போல்ட் ஆக்‌ஷனில் ஒவ்வொரு குண்டுக்கும் நம் கைதான் போய்வர வேண்டும்.

மேகசின் மாற்றுவதும் அக்குள் பக்கத்தில் நடக்கும் வேலை. டிஎஸ்ஆர்-1-இல் உதிரி மேகசினை டிரிகருக்கு முன்னால் மாட்டிவைக்க இடம் தந்திருக்கிறார்கள். அது கொஞ்சம் உதவும். டிரிகர் முன்னாலும் சுடும் பொறி பின்னாலும் இருப்பதால் இரண்டையும் நீண்ட கம்பியால் இணைக்க வேண்டும். நன்றாகச் செய்யாவிட்டால் டிரிகர் கொழகொழவென்று இருக்கும். துல்லியச் சுடுதலுக்கு அது ஆகாது. இன்றைய நல்ல தயாரிப்புகளில் இது பெரும்பாலும் சரியாகிவிட்டது. வெடிக்கும் அறை முகத்துக்கு அருகே இருப்பதும், குழல்முனை காதுக்கு நெருங்கி வருவதும் அமைப்போடு பிறந்தவை. தரமான தோட்டாவும் காதுக் கவசமும் கட்டாயம்.

2019-இல் வடக்குக் கமாண்டு தன் ஸ்னைப்பர்களுக்கு இரண்டு துப்பாக்கிகளை வாங்கியது. .50 தோட்டாவுக்கு எம்95; .338 லபுவா தோட்டாவுக்கு பெரெட்டாவின் ஸ்கார்ப்பியோ டிஜிடி. முதலாவது புல்பப், இரண்டாவது வழக்கமான அமைப்பு. இந்தப் பிரிவினை எனக்குச் சரியாகவே படுகிறது. .50 தோட்டாவின் உதையில் சுடுபவரின் நிலை எப்படியும் கலைந்துவிடும், போல்ட்டை இழுக்கத் தலையைத் தூக்குவதால் புதிதாக இழப்பது கொஞ்சம்தான். சுமப்பதில் கிடைக்கும் லாபமோ அதிகம். நம் திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலையின் வித்வன்சக்கைப் பாருங்கள். வழக்கமான அமைப்பில் செய்த கனரக ரைபிள், சுமார் 1.7 மீட்டர் நீளம், 25 கிலோ எடை. இரண்டாகப் பிரித்து இரண்டு பேர் தூக்க வேண்டும். எம்95 பதினொரு கிலோவுக்குள் இருப்பதால் ஒருவரே தூக்கிவிடலாம். வித்வன்சக்கில் 20 மில்லிமீட்டர் குண்டுவரை சுடலாம் என்பதால் இந்த ஒப்பீடு முழுச் சமமானதல்ல. ஆனாலும் மலைப்பாதையில் ஏறுபவருக்கு அந்த வேறுபாடு தோளில் தெரியும்.

.338, .308 போன்றவற்றில் கணக்கு மாறும். உதை தாங்கக்கூடியது, கண்ணை எடுக்காமல் அடுத்த குண்டைச் சுட முடியும். அந்த வசதியைப் புல்பப்புக்காக விட்டுக்கொடுக்க வேண்டுமா? பயணத்தில் நீளம் குறையத்தான் மடக்கும் கட்டை வந்துவிட்டதே. மடக்கிய நிலையில் ஒழுங்காகக் குறிவைத்துச் சுட முடியாது என்பது உண்மை. ஆனால் ஸ்னைப்பர் நடந்துகொண்டே சுடுபவர் அல்லர். இடம் பிடித்து, விரித்து, படுத்த பிறகுதான் அவர் வேலை தொடங்குகிறது. நகரக் கட்டடங்களுக்குள்ளும் வண்டியிலிருந்தும் சுட வேண்டிய போலீஸ் கமாண்டோவுக்குப் புல்பப் பொருந்தும். மற்ற ஸ்னைப்பர்களுக்கு .50 வரும்வரை வழக்கமான அமைப்பையே நான் பரிந்துரைப்பேன்.

எந்த ரைபிள் என்பதை ராணுவம் உங்களுக்குத் தேர்ந்து தரும். இப்போது உங்கள் கையில் இருப்பது .22. அடுத்த முறை சுடுதளத்தில் பயிற்றுநரைப் பக்கத்தில் நிற்கச் சொல்லுங்கள். நீங்கள் போல்ட்டை இழுக்கும்போது கன்னம் கட்டையை விட்டு எழுகிறதா என்று அவர் பார்த்துச் சொல்லட்டும். எழுந்தால், எழாதவரை பழகுங்கள்.