முதல் சூப்பர் பவுல் டேப் எங்கே போச்சு?



இந்த வார எபிசோடுல பேக்கப் பத்திப் பேசும்போது, "முதல் சூப்பர் பவுல் டேப்பையே அழிச்சுட்டாங்க"ன்னு ஒரு வரி சொல்லிட்டு நகர்ந்துட்டோம். அதை இங்கே கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். (ஃபுட்பால்னா இங்கே முட்டை வடிவப் பந்து. உதைக்கிறதைவிடத் தூக்கிட்டு ஓடுறதுதான் அதிகம்.)

1967 ஜனவரி 15, லாஸ் ஏஞ்சலஸ் மெமோரியல் கொலிசியம். என்எஃப்எல், ஏஎஃப்எல் என்ற இரண்டு எதிரி லீக்குகளின் சாம்பியன்கள் முதல் தடவையாக மோதினார்கள். கிரீன் பே பேக்கர்ஸ் 35, கான்சஸ் சிட்டி சீஃப்ஸ் 10. வந்தவர்கள் 61,946 பேர், அரங்கம் நிரம்பவில்லை.

அந்த மைதானத்தில் எல்லாமே இரண்டு. பந்தே இரண்டு! பேக்கர்ஸ் ஆடும்போது என்எஃப்எல்லின் வில்சன் பந்து, சீஃப்ஸ் ஆடும்போது ஏஎஃப்எல்லின் கொஞ்சம் ஒல்லியான ஸ்பால்டிங் பந்து. ஒளிபரப்பும் இரண்டு: சிபிஎஸ், என்பிசி. ஆனால் கேமராக்கள் சிபிஎஸ்ஸுடையவை; அந்தப் படத்தை வாங்கி என்பிசி தன் வர்ணனையைச் சேர்த்துக்கொண்டது. இரண்டாம் பாதி தொடக்க உதை விழுந்தப்போ என்பிசி இன்னும் மைதானத்துக்குத் திரும்பவே இல்லை. அதனால் மறுபடி உதைக்கச் சொன்னார்கள். டிவிக்காக ஆட்டத்தையே ரீடேக்!

இப்படி இரண்டு சானல் காட்டிய ஆட்டத்தில், இரண்டுமே தங்கள் டேப்பை வைத்துக்கொள்ளவில்லை. ஏன்?

ஆம்பெக்ஸ் 1956-ல் கொண்டுவந்த வீடியோ டேப் இரண்டு அங்குல அகலம். நொடிக்கு 15 அங்குலம் ஓடும். கணக்குப் போடுங்க: ஒரு மணி நேரத்துக்கு 54,000 அங்குலம், அதாவது சுமார் 1.37 கிலோமீட்டர் டேப். விலையும் அதிகம், வைக்க இடமும் வேணும். அதைவிட முக்கியம், அது எதுக்காக வந்ததுங்கிறது. அதே வருஷம் நவம்பர் 30-ஆம் தேதி சிபிஎஸ் அதை முதலில் பயன்படுத்தியது, கிழக்குக் கரைச் செய்தியைப் பிடித்து வைத்து மேற்குக் கரைக்கு மூணு மணி நேரம் கழித்துப் போடத்தான். நம்ம பாஷையில் சொன்னால், அது ஆர்க்கைவ் இல்லை, பஃபர். வேலை முடிஞ்சதும் அதே டேப்பில் அடுத்த நிகழ்ச்சி.

கம்ப்யூட்டரில் ஃபைலை டெலீட் பண்ணினால் பல சமயம் மீட்டுடலாம்; போனது முகவரி மட்டும்தான். டேப்பில் மேலே பதிவு செய்தால் பழைய காந்தப் பதிவே போயிடும். எங்க வீட்டு அக்கா கல்யாணக் கேசட்டில் பாதி தாலி, பாதி கிரிக்கெட். யார் செஞ்ச வேலைன்னு இன்னைக்கு வரை பஞ்சாயத்து ஓயலை. நாசாகூட அப்பல்லோ 11-இன் மூல டெலிமெட்ரி டேப்புகளை அழித்து மறுபடி பயன்படுத்தியிருக்கலாம் என்று 2009-ல் ஒப்புக்கொண்டது.

ஆனால் ஆட்டம் முழுசா தொலையலை. என்எஃப்எல் ஃபிலிம்ஸ் தனியாக ஃபிலிமில் எடுத்திருந்தது. ஃபிலிம் விற்பனைச் சரக்கு, அதனால் பத்திரமாக இருந்தது. 2016-ல் அந்தத் துண்டுகளை ஒட்டி, வானொலி வர்ணனையைச் சேர்த்து, 145 ஆட்ட நகர்வுகளையும் மறுபடி காட்டினார்கள். அதில் ஆட்டம் இருக்கு. ஆனால் அன்று வீட்டில் உட்கார்ந்து ஜனங்க பார்த்த ஒளிபரப்பு இல்லை: சிபிஎஸ் எந்த கேமராவிலிருந்து எந்த கேமராவுக்குத் தாவியது, வர்ணனையாளர் எங்கே மௌனமானார், அதெல்லாம்.

அது இருக்கிற டேப் ஒன்று 2005-ல் வெளியே வந்தது. பென்சில்வேனியாவில் ஒருவர் சிபிஎஸ் ஒளிபரப்பைப் பதிவு செய்து வைத்திருந்தார். வருஷக்கணக்கா பரணில் கிடந்திருக்கு. இடைவேளை நிகழ்ச்சியும் மூன்றாம் கால்பகுதியில் ஒரு பெரிய துண்டும் அதில் கிடையாது. நியூயார்க்கின் பேலி சென்டர் அதைச் சீர்செய்து டிஜிட்டலாக்கியது.

அப்புறம்தான் சிக்கல். டேப் குடும்பத்துடையது, அதில் ஓடும் ஆட்டத்தின் உரிமையோ லீக் தனக்கே என்றது. குடும்பம் கேட்டது பத்து லட்சம் டாலர். லீக் சொன்னது 30,000. வேறு யாருக்கும் விற்கக் கூடாது என்று எச்சரிக்கையும் விட்டது. 2016-ல் அந்த ஒட்டுப்போட்ட ஆட்டம் ஒளிபரப்பானபோது, அசல் பெட்டிக்குள்ளேதான் இருந்தது.