காலையில் கம்ப்யூட்டர் ஏன் மந்தமாகிறது?



சில்லறை மளிகையோ, மொத்த மண்டியோ, பில் போடக் கம்ப்யூட்டர் இல்லாத கடை இப்போது குறைவு. 2017 ஜூலை முதல் தேதி ஜி.எஸ்.டி. வந்த பிறகு, அதுவரை சிட்டைப் புத்தகத்திலேயே காலம் தள்ளியவர்களும் ஒரு பெட்டியை வாங்கிக் கல்லாவுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டோம். நாலு வியாபாரிகள் கூடிப் பேசினால் இந்தப் பெட்டியைப் பற்றி வருகிற முதல் குறை ஒன்றுதான். காலையில் சுவிட்சைப் போட்டால் திரை வந்துவிடுகிறது. ஆனால் பில் மென்பொருளைத் தொட்டால் அது திறப்பதற்குள் பத்து நிமிடம் ஓடிவிடுகிறது. வெளியூர்க் கடைக்காரர் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று நிற்கிறார். லாரி டிரைவர் ஈ-வே பில் எங்கே என்கிறார். நாம் மவுஸைத் தட்டிக்கொண்டிருக்கிறோம்.

இந்தக் குறையைச் சொன்னால் கிடைக்கிற பதில் பெரும்பாலும் இரண்டு. ஒன்று, "பெட்டி பழசாகிவிட்டது, புதிது வாங்குங்கள்." மற்றொன்று, "ஃபார்மேட் போட்டுவிடலாம்." இரண்டும் தேவைப்படுகிற சமயம் உண்டு. ஆனால் மூட்டையைக் குத்திப் பார்க்காமல் சரக்குக்கு விலை சொல்லும் வியாபாரி நம்மில் யாரும் இல்லை. கம்ப்யூட்டர் விஷயத்தில் மட்டும் பார்க்காமலே பணத்தை எடுத்துக் கொடுப்பானேன்?

நாங்கள் இதைப் படித்துப் பட்டம் வாங்கியவர்கள் அல்ல. பள்ளிப் படிப்போடு மண்டிக்கு வந்தவர்கள். எங்கள் மண்டியிலுள்ள மூன்று பெட்டிகளைக் கடிகாரத்தை வைத்துக்கொண்டு கவனித்ததிலும், விவரமுள்ள மெக்கானிக்குகளைத் துருவிக் கேட்டதிலும் தெரிந்துகொண்டதை எழுதுகிறோம். நம் கடைகளில் அதிகம் இருப்பது விண்டோஸ் 10, 11 ஆகியவை என்பதால் அவற்றை வைத்தே சொல்கிறோம்.

எந்த வகை மந்தம்?

முதலில் கவனிக்க வேண்டியது, மந்தம் எந்த நேரத்தில் வருகிறது என்பதே. சுவிட்சைப் போட்ட முதல் பத்துப் பதினைந்து நிமிடம் இழுத்துவிட்டுப் பிறகு நன்றாக ஓடினால், அது தொடக்க நேர வேலைச்சுமை. காலையில் நன்றாக ஓடி, மதியத்துக்கு மேல் இழுத்தால், பெட்டிக்குள் சூடு ஏறுகிறது அல்லது நினைவகம் நிரம்புகிறது என்று பொருள். மிளகாய்த்தூள், மாவுத் தூசி பறக்கும் நமது கடைகளில் உள்ளே இருக்கும் விசிறி அடைத்துக்கொள்வது சாதாரணம். தூசி தட்டினால் இந்த இரண்டாவது வகை தீரும். முதல் வகை தீராது. நாள் முழுவதும் ஒரே மாதிரி இழுத்தால் அது மூன்றாவது வகை. ஹார்ட் டிஸ்கையோ நினைவகத்தையோ சந்தேகிக்க வேண்டும். இது தெரியாமல் முதல் வகைக்குத் தூசி தட்டக் கூலி கொடுத்தவர்கள் நமக்குள்ளேயே இருக்கிறார்கள்.

இந்தக் கட்டுரை முக்கியமாக முதல் வகையைப் பற்றியது.

திரை வந்துவிட்டால் பெட்டி தயார் என்று நாம் எண்ணுகிறோம். அப்படியல்ல. ஷட்டரைத் தூக்கிய உடனே கடை வியாபாரத்துக்குத் தயாராகிவிடுகிறதா? தண்ணீர் தெளித்து, மூட்டைகளை வெளியே எடுத்து வைத்து, தராசைத் துடைத்து, சாமி படத்துக்கு விளக்கேற்றிய பிறகுதானே முதல் போணி? கம்ப்யூட்டரிலும் திரை வந்த பிறகுதான் பல வேலைகள் ஆரம்பமாகின்றன. சில வேலைகளை விண்டோஸ் வேண்டுமென்றே தள்ளிவைத்து, சுவிட்சைப் போட்டு ஏறக்குறைய இரண்டு நிமிடம் கழித்துத் தொடங்குகிறது. நாம் பில் மென்பொருளைத் திறப்பதும் சரியாக அந்த நேரத்தில்தான்.

கடைப் பெட்டிக்கென்று தனியான கஷ்டம் ஒன்றும் உண்டு. இரவு ஒன்பது மணிக்கு அணைத்தால் மறுநாள் காலை வரை அது தூங்குகிறது. விண்டோஸ் தன் பராமரிப்பு வேலைகளுக்கு வழக்கமாக வைத்திருக்கும் நேரம் பின்னிரவு இரண்டு மணி. அந்த நேரத்தில் நமது பெட்டி அணைந்து கிடப்பதால், அந்த வேலைகள் மறுநாள் பெட்டி ஓடும்போது இடம் பார்த்து நுழைகின்றன. வைரஸ் தடுப்பு மென்பொருளும் இரவு விட்டுப்போன பட்டியலைக் காலையில்தான் இறக்குகிறது. புதுப்பித்தல்களும் அப்படியே. எல்லாம் சேர்ந்து நமது திறப்பு நேரத்தில் வந்து விழுகின்றன. இதற்குச் செலவில்லாத வழி உண்டு. கடை பெருக்கும்போதே சுவிட்சைப் போட்டுவிட்டு அதைத் தொடாமல் விட்டுவிடலாம். வாரம் ஒரு நாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் பெட்டியை அணைக்காமல் இணைய இணைப்போடு ஓடவிட்டால் நிலுவை வேலைகளில் பெரும்பகுதியை அது முடித்துக்கொள்ளும். இது எளிது என்பதாலேயே யாரும் செய்வதில்லை.

பார்த்து அறியும் முறை

ஒரு நாள் காலை சீக்கிரமே கடைக்கு வந்து, காகிதம் பேனாவோடு உட்காருங்கள். திரை வந்தவுடன் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று பொத்தான்களையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் என்ற பலகை திறக்கும். சுருக்கமாகத் தெரிந்தால் "மோர் டீடெய்ல்ஸ்" என்பதை அழுத்தி விரிக்க வேண்டும். அதில் சி.பி.யு., மெமரி, டிஸ்க், நெட்வொர்க் என்று பத்திகள் இருக்கும். எந்தப் பத்தியின் தலையில் சதவீதம் உச்சத்தில் நிற்கிறதோ அங்கேதான் நெரிசல். அந்தத் தலைப்பைத் தொட்டால், அதிகம் இழுக்கிற மென்பொருள் மேலே வந்து நிற்கும். நிமிடத்துக்கு ஒரு தடவை பெயரையும் சதவீதத்தையும் குறித்துக்கொண்டு வந்தால், கால் மணி நேரத்தில் வரவு செலவு போல எல்லாம் தெரிந்துவிடும்.

அதே பலகையில் ஸ்டார்ட்அப் ஆப்ஸ் என்ற பக்கம் ஒன்று உண்டு. பெட்டி எழும்போது தாமாக எழுகிற மென்பொருள்களின் பட்டியல் அது. ஒவ்வொன்றும் எவ்வளவு சுமை என்பதையும் எதிரில் காட்டும். இந்தப் பட்டியலைப் பார்த்தால் பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். விற்றுவிட்ட பிரிண்டரின் மென்பொருள், கூட்டப் பேச்சுக்கான மென்பொருள், பையன் விடுமுறையில் வந்தபோது போட்ட பாட்டு மென்பொருள் எல்லாம் தினமும் காலையில் வந்து வரிசையில் நிற்கின்றன. தேவையில்லாததைத் தேர்ந்து "டிஸேபிள்" கொடுத்தால் போதும். இதனால் மென்பொருள் அழிந்துவிடாது. வேண்டும்போது நாமே திறந்துகொள்ளலாம்.

ஆனால் கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் நிறுத்தக் கூடாது. வைரஸ் தடுப்பைத் தொடாதீர்கள். (அதே சமயம் இரண்டு வைரஸ் தடுப்புகள் ஒரே பெட்டியில் இருந்தால் ஒன்றை முறைப்படி நீக்க வேண்டும். ஒரே கல்லாவில் இரண்டு பேர் உட்கார்ந்த கதைதான்.) பில் மென்பொருளுக்குத் துணையான டேட்டாபேஸ், பார்கோடு கருவி, பில் அடிக்கும் பிரிண்டர் இவற்றுக்கு உரியவற்றையும் விட்டுவிட வேண்டும். பெயர் புரியாவிட்டால் கேட்டுத் தெரிந்த பிறகு தொடலாம். ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு என்று நிறுத்தி, எதை நிறுத்தினோம் என்று எழுதி வைத்தால், ஏதாவது ஓடாமல் போனாலும் திருப்பிப் போட முடியும்.

இரண்டு மூன்று பெட்டிகளை இணைத்து வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கணக்கு எந்தப் பெட்டியில் இருக்கிறதோ அதை முதலில் போட்டு, அது நிதானத்துக்கு வந்த பின் மற்றவற்றைப் போடுங்கள். வரிசை மாறினால், எழாத பெட்டியின் கதவைத் தட்டிக்கொண்டு மற்றவை காத்திருக்கும்.

டிஸ்க் 100 என்று காட்டினால்

பழைய பெட்டிகளில் பெரும்பாலும் தெரிவது இதுதான். சி.பி.யு. பத்து, இருபது சதவீதத்தில் சும்மா இருக்கும். டிஸ்க் மட்டும் 100ல் நிற்கும். காரணம் ஹார்ட் டிஸ்க் அமைந்த விதம். அதனுள் தட்டு சுழல்கிறது. ஒரு முள் அங்குமிங்கும் நகர்ந்து படிக்கிறது. ஒரு குடோனுக்கு ஒரே ஒரு பையன் இருப்பதாக வைத்துக்கொள்வோம். துவரம்பருப்பு பத்து மூட்டை என்று ஒரே அட்டியிலிருந்து எடுக்கச் சொன்னால் மளமளவென்று எடுத்துவிடுவான். எட்டுப் பேர் ஒரே சமயத்தில் எட்டு மூலையிலுள்ள சரக்கைக் கேட்டால் நடப்பதிலேயே அவன் நேரம் போய்விடும். ஹார்ட் டிஸ்க் முள்ளும் ஒரு வினாடியில் சுமார் நூறு இடங்களுக்குத்தான் போய்வர முடியும். காலையில் அதைக் கேட்கிற சிறு கோப்புகளோ பல்லாயிரம்.

எஸ்.எஸ்.டி. என்பதில் சுழலும் தட்டும் இல்லை, நகரும் முள்ளும் இல்லை. ஒரு வினாடியில் ஆயிரக்கணக்கான இடங்களை அது படிக்கும். எங்கள் மண்டியில் 2016இல் வாங்கிய பெட்டி ஒன்றில் 2022இல் இதை மட்டும் மாற்றினோம். பில் போடுகிற நிலைக்கு வரப் பதினோரு நிமிடம் எடுத்துக்கொண்டிருந்தது, ஒன்றரை நிமிடத்துக்குள் வந்தது. புதுப் பெட்டி வாங்க வேண்டியிருக்கவில்லை. நமது பெட்டியில் இருப்பது எது என்று அறிய, டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் டிஸ்க் என்பதைப் பார்த்தால் எச்.டி.டி. அல்லது எஸ்.எஸ்.டி. என்று போட்டிருக்கும்.

மெமரி எண்பது, தொண்ணூறு சதவீதம் காட்டினால் ராம் போதவில்லை. 4 ஜி.பி. உள்ள பெட்டிகளில், இடம் போதாததை விண்டோஸ் டிஸ்கில் எழுதி எழுதி எடுக்கும்; அதனாலேயே டிஸ்க் 100 ஆகும். 8 ஜி.பி. ஆக்கினால் நமது உபயோகத்துக்கு ஓடும். டிஸ்கிலும் ஐந்தில் ஒரு பங்கு இடம் காலியாக இருப்பது நல்லது.

டிஸ்க் கெட்டுப்போகும் தறுவாயில் இருந்தாலும் இதே மந்தம் வரும் என்பதைக் கவனிக்க வேண்டும். டக்டக் என்ற சத்தம், ஒரு கோப்பை நகல் எடுக்கும்போது நடுவில் நின்று நின்று போவது, அடிக்கடி டிஸ்க் சோதனை நடப்பது ஆகியவை அடையாளங்கள். டிஸ்கின் உடல்நிலையைக் காட்டும் கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் உண்டு. அதில் "காஷன்" என்று வந்தால் அன்றைக்கே கணக்கை வேறிடத்தில் நகல் எடுத்துவிட வேண்டும். வேகத்தைப் பற்றிய கவலையெல்லாம் அப்புறம்.

அணைப்பது, திரும்பப் போடுவது

விண்டோஸ் 8 காலம் தொட்டு "ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்" என்ற ஏற்பாடு இருக்கிறது. அது போட்டிருந்தால், நாம் ஷட் டவுன் கொடுக்கும்போது பெட்டி தன் நிலையில் ஒரு பகுதியை டிஸ்கில் எழுதி வைத்துக்கொண்டு தூங்குகிறது. முழுமையாகத் துடைத்துவிட்டுத் தொடங்குவதில்லை. நேற்றைய சிக்கல் இன்றும் தொடர இது ஒரு காரணம். பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் சி.பி.யு. என்பதன் கீழே "அப் டைம்" என்று இருக்கும். தினமும் அணைக்கிற பெட்டியில் அது பல நாட்களைக் காட்டினால் விஷயம் இதுதான். வாரம் ஒரு முறை ரீஸ்டார்ட் கொடுத்தால் பெட்டி புதிதாகத் தொடங்கும். மெயின் சுவிட்சை அப்படியே இறக்குவது மட்டும் ஆகாது. அதனால் டிஸ்கிலுள்ள கோப்புகள் கெடும். யு.பி.எஸ். பேட்டரி இறந்து இரண்டு வருஷமானவர்கள் இதைப் படித்தால் கடைவீதிக்குப் போகவும்.

நிற்க. ஃபார்மேட் போடுவதைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஜி.எஸ்.டி. சட்டத்தின் 36ஆவது பிரிவின்படி, ஆண்டறிக்கை தாக்கல் செய்ய வேண்டிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் கணக்குகளைப் பாதுகாக்க வேண்டும். "டேட்டாவை எல்லாம் எடுத்துவிட்டேன்" என்று சொல்கிறவர் பெரும்பாலும் டெஸ்க்டாப்பையும் டாக்குமெண்ட்ஸையும்தான் எடுக்கிறார். பில் மென்பொருளின் கணக்கு வேறு ஃபோல்டரில் இருந்திருக்கும். எங்கள் பகுதியில் 2021இல் ஒரு பருப்பு வியாபாரிக்கு இப்படித்தான் மூன்று ஆண்டுக் கணக்கு போனது. பாக்கிதாரர்கள் யார் யார் என்பதையே அவர் பழைய பில் நகல்களை வைத்துத் திரும்ப எழுத வேண்டியதாயிற்று. சிலர் பாக்கியே இல்லை என்றார்கள். ஆகவே யார் கையில் பெட்டியைக் கொடுப்பதானாலும், முன்னதாக பேக்கப் எடுத்து, அதை வேறொரு பெட்டியில் திறந்து பார்த்து, நேற்றைய கடைசி பில் அதில் இருக்கிறதா என்று நாமே சரிபார்க்க வேண்டும். எஸ்.எஸ்.டி. மாற்றும்போது பழைய ஹார்ட் டிஸ்கை அழிக்காமல் கேட்டு வாங்கிப் பீரோவில் வையுங்கள். அது நமது சொத்து.

புதுப் பெட்டி எப்போது வாங்குவது? விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரியிலும், விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஆம் தேதியிலும் வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11க்கு டி.பி.எம். 2.0 வேண்டும், இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறைக்குக் கீழ்ப்பட்டவற்றை அது ஏற்பதில்லை. உங்கள் பெட்டி அதற்கும் முந்தியது, டிஸ்க், ராம் இரண்டையும் மாற்ற வேண்டும் என்றால், அந்தப் பணத்தைப் புதுப் பெட்டியில் போடுவதே கணக்குக்குச் சரி.

கடைசியாக, சிறிய விஷயம் ஒன்று. காலையில் பெட்டி எழுந்ததும் தேதி பல வருஷம் பின்னால் போயிருந்தால், உள்ளேயுள்ள காசு போன்ற வட்டப் பேட்டரி தீர்ந்துவிட்டது. பெரும்பாலான பெட்டிகளில் அது சி.ஆர். 2032 என்ற வகை. கடிகாரக் கடையிலேயே கிடைக்கும். தேதி தவறினால் இணையப் பக்கங்கள் திறக்க மறுக்கும். பில்லிலும் பழைய தேதி ஏறிவிடும். மாற்றிய பிறகு தேதியையும் நேரத்தையும் ஒரு முறை பார்த்துவிட்டு முதல் பில்லைப் போடுங்கள்.