முதல் பனிமலைக்குப் போகும் மருமகனுக்கு

சென்னிமலை

அன்புள்ள கதிருக்கு,

மாமா எழுதுவது. காஷ்மீரின் குல்மார்க்கில் ஸ்கீ கட்டி மலையேறிச் சறுக்கப் போகிறாய் என்று அக்கா சொன்னாள். சந்தோஷமாகப் போய்ட்டு வா கண்ணு. பட்டாளத்தில் அந்தப் பக்கம் குளிர்காலம் கழித்தவன் என்பதால் சிலதைச் சொல்லியே ஆகணும்.

முதலில் சறுக்கக் கற்றுக்கொள். மத்திய அரசின் ஸ்கீயிங் பயிற்சி நிறுவனம் அங்கேயே இருக்கிறது. ரோப் காரில் மேலே போய்ச் சறுக்கி இறங்குவது வேறு. நீ செய்யப்போவது சொந்தக் காலில் ஏறுவது. அதற்கு ஸ்கீயின் அடியில் 'ஸ்கின்' என்ற பட்டையை ஒட்டுவார்கள். வெல்வெட் துணியைத் தடவுவது போலத்தான்: முன்பக்கம் வழுக்கும், பின்பக்கம் பிடிக்கும். காலைத் தூக்கி வைக்காதே, இழுத்து நகர்த்து. மேலே போய் உரித்ததும் பசைப் பக்கம் உள்ளே வருமாறு மடித்து ஜாக்கெட்டுக்குள் வை. பசையில் பனித்தூள் படிந்துவிட்டால் அடுத்த ஏற்றத்துக்கு ஒட்டாது.

நெசவு ஊர்க்காரன் சொல்கிறேன், உள்ளே பருத்தி மட்டும் வேண்டாம். வேர்வையைக் குடித்துவிட்டு ஈரமாகவே கிடக்கும். நின்றதும் உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். கம்பளி உள்ளாடை வாங்கு. ஏறும்போது வேர்க்காமல் இருக்க, லேசாகக் குளிரும்போதே நடக்கத் தொடங்கு.

இனி நான் பயப்படும் விஷயம். பனிச்சரிவு பெரும்பாலும் 30 முதல் 45 டிகிரிச் சரிவில்தான் பிய்த்துக்கொண்டு வரும். அதனால் முதல் நாளுக்கு 25 டிகிரிக்குள் இருக்கும் சரிவு போதும். ஆனால் நீ நிற்கும் இடம் சமதளமாக இருந்தாலும், தலைக்கு மேலே செங்குத்தான சரிவு இருந்தால் அதுவும் ஆபத்தான இடமே. 2010 பிப்ரவரியில் குல்மார்க்குக்கு மேலே உள்ள கிலன்மார்க்கில் பயிற்சியில் இருந்த 17 ராணுவ வீரர்கள் பனிச்சரிவில் இறந்துபோனார்கள். 2023 பிப்ரவரியில் அங்கேயே அபர்வத் மலையில் போலந்துக்காரர்கள் இருவர். தெரிந்தவர்களையே அந்த மலை விடவில்லை. புதுப்பனி கொட்டிய மறுநாள் வெயில் அடித்தால் ஆசையாக இருக்கும்; அன்றைக்குத்தான் ரொம்ப ஜாக்கிரதை.

உள்ளூர் வழிகாட்டி இல்லாமல் போகாதே. புதைந்தவரைச் சமிக்ஞையால் தேட உதவும் ட்ரான்ஸீவர், குத்திப் பார்க்கும் கம்பி, மண்வாரி மூன்றும் உன்னிடமும் கூட வருகிறவரிடமும் இருக்கணும். புதைந்தவரைக் கால் மணி நேரத்துக்குள் வெளியே எடுத்தால்தான் பிழைக்க நல்ல வாய்ப்பு. ஊருக்குள்ளிருந்து ஆள் அதற்குள் வந்து சேர முடியாது. புறப்படுமுன் ட்ரான்ஸீவரை வைத்துத் தேடும் பயிற்சியை ஒருமுறையாவது செய்து பார். "திரும்பலாம்" என்று வழிகாட்டி சொன்னால் ஏன் என்று கீழே வந்து கேட்டுக்கொள்.

குல்மார்க் புல்வெளியே நம்ம தொட்டபெட்டா உயரம். போன அன்றே ஏறாமல் ஒரு நாள் சும்மா இரு. அதுவரை இங்கே மலைக்கோயில் 1,320 படியையும் முதுகில் பாரத்தோடு ஏறி இறங்கு. இறங்கும்போதுதான் தொடை பழகும்.

இன்னொன்று. வெளிமாநில ப்ரீபெய்டு சிம் அங்கே எடுக்காது. போஸ்ட்பெய்டு எண் ஒன்று வாங்கிக்கொண்டு, எந்தப் பாதை, எத்தனை மணிக்குத் திரும்புவாய் என்று அக்காவிடமும் தங்குமிடத்திலும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போ.

உன் மாமா