திருவையாற்றுக் குடிகள்

மாணவர்களே! பெருநகர் நீங்கிச் சிறிய ஊரில் குடியேறுவோர் பெறும் பயன் யாது? தஞ்சைக்கு வடக்கே காவிரிக் கரையில் விளங்கும் திருவையாற்றை நோக்குங்கள். ஆறும் வயலும் ஐயாறப்பர் கோயிலும் அங்கு வாழ்வோர்க்கு நீரும் சோறும் மனஅமைதியும் நல்குகின்றன.

திருவாரூரில் 1767ஆம் ஆண்டு பிறந்த தியாகராசர், இளமையிலேயே இவ்வூரை அடைந்து, 1847இல் மறையுமளவும் இங்கிருந்தே இசை வளர்த்தார். பிற்காலத்தே, சென்னையில் புகழும் பொருளும் எய்திய பெங்களூர் நாகரத்தினம்மாள் இவ்வூர்க்கு வந்தார். தம் செல்வத்தால் தியாகராசர் சமாதிக்குக் கோயில் எழுப்பினார். ஆராதனையில் பாடும் உரிமை அந்நாளில் பெண்டிர்க்கு இல்லை. அம்மையார் அதற்காகப் போராடி வென்றார். 1952இல் மறைந்த அவரது நினைவிடமும் அச்சமாதிக்கு அருகிலேயே உள்ளது.

ஊர் தருவதைப் பெறுவோர் பலர். ஊருக்குத் தருவோரே அவ்வூரார் ஆவர்.