கல்லூரிப் பெண்கள் கூடைப்பந்துப் பயிற்சியாளர் ஆவது எப்படி? ஒரு முழுமையான வழிகாட்டி

1990 செப்டம்பர். அமெரிக்காவின் டென்னசி பல்கலைக்கழகப் பெண்கள் கூடைப்பந்து அணியின் பயிற்சியாளர் பேட் சம்மிட் நிறைமாத கர்ப்பிணி. பென்சில்வேனியாவில் மிஷெல் மார்சினியாக் என்ற பள்ளி மாணவியைத் தன் அணிக்கு அழைக்க அவர் வீட்டுக்கே போயிருந்தார். அங்கேயே பிரசவம் தொடங்கிவிட்டது. வந்த பேச்சை முடித்துக்கொண்டுதான் விமானம் ஏறினார். டென்னசி வந்து சேர்ந்த பிறகு மகன் பிறந்தான்.

இந்த வேலையின் பாதி மைதானத்தில் நடக்கிறது. மறுபாதி இப்படி யாரோ ஒருவர் வீட்டுக் கூடத்தில் நடக்கிறது. மாணவிகளைத் தேடிப் பார்த்து அழைத்துவரும் அந்த மறுபாதிக்கு ‘ரெக்ரூட்டிங்’ என்று பெயர். இரண்டையும் சேர்த்தே கற்க வேண்டும்.

படி 1: களத்தை அறியுங்கள்

அரசு நிதி பெறும் கல்வி நிறுவனங்களில் பாலினப் பாகுபாடு கூடாது என்றது 1972-ல் வந்த ‘டைட்டில் நைன்’ சட்டம். கல்லூரிகளில் பெண்கள் அணிகள் வேகமாக வளர்ந்தது அதன் பிறகுதான். 1982-ல், அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்சிஏஏ அமைப்பு பெண்களுக்கான தன் முதல் தேசியக் கூடைப்பந்துப் போட்டியை நடத்தியது. இன்று அதன் முதல் டிவிஷனில் மட்டும் 350-க்கும் மேற்பட்ட அணிகள் இருக்கின்றன. மூன்றாம் டிவிஷனில் விளையாட்டு உதவித்தொகை கிடையாது. படிப்பையும் கல்லூரியையும் சொல்லித்தான் அங்கே மாணவியை அழைக்க முடியும். புதிதாக வருபவருக்கு அதைவிட நல்ல பயிற்சி இல்லை.

படி 2: கிடைத்த வேலையில் சேருங்கள்

பட்டப்படிப்பு அவசியம். கல்லூரியில் படிக்கும்போதே அணியின் மாணவ மேலாளராகச் சேர்ந்து பந்து எடுத்துக்கொடுங்கள், புள்ளிக்கணக்கு எழுதுங்கள். அடுத்தது, முதுகலை படித்துக்கொண்டே அணியில் வேலை பார்க்கும் ‘கிராஜுவேட் அசிஸ்டென்ட்’. சம்மிட் 1974-ல் டென்னசிக்கு வந்தது அந்த வேலைக்குத்தான். தலைமைப் பயிற்சியாளர் விடுப்பில் போனதால் 22 வயதில் முழு அணியும் அவர் கைக்கு வந்தது. அணியின் வேனை அவரே ஓட்டினார், சீருடைகளை அவரே துவைத்தார். முதல் ஆட்டத்தில் ஒரு புள்ளியில் தோற்றார். 2012-ல் விலகியபோது அவர் கணக்கில் 1,098 வெற்றிகள், 8 தேசியப் பட்டங்கள்.

படி 3: ஏணியில் நிதானமாக ஏறுங்கள்

வீடியோ பொறுப்பாளர், பயண ஏற்பாடுகளைக் கவனிக்கும் ஆபரேஷன்ஸ் பொறுப்பாளர், துணைப் பயிற்சியாளர், இணைத் தலைமைப் பயிற்சியாளர் என்று படிகள் போகும். பல அணிகளில் ரெக்ரூட்டிங் பொறுப்பு துணைப் பயிற்சியாளரிடம் இருக்கும். அவசரம் வேண்டாம். ஜேன் ஜென்சன் அயோவா பல்கலைக்கழகத்தில் லிசா புளூடருக்குத் துணையாக 24 ஆண்டுகள் இருந்து, 2024-ல் தலைமைப் பொறுப்புக்கு வந்தார். கனெக்டிகட் அணியில் கிறிஸ் டெய்லி 1985 முதல் தலைமைப் பயிற்சியாளர் ஜீனோ ஆரியெம்மாவின் துணையாகவே நிலைத்து, அந்த அணியின் தூணாகியிருக்கிறார். இரண்டுமே நிறைவான வாழ்க்கை.

படி 4: பார்க்கப் பழகுங்கள்

கோடையில் பள்ளி மாணவிகள் ஆடும் கிளப் அணிகளின் போட்டிகள் நடக்கும். ஒரே கூரையின் கீழ் பல கோர்ட்டுகள், காலையிலிருந்து இரவு வரை ஆட்டம். யார் எத்தனை புள்ளி எடுத்தார் என்பது ஸ்கோர் தாளில் இருக்கும். உங்கள் நோட்டில் வேறு விஷயங்களை எழுதுங்கள். பந்து கையில் இல்லாதபோது அந்த மாணவி என்ன செய்கிறாள்? தோழி பந்தைத் தவறவிட்டால் முகம் எப்படி மாறுகிறது? வெளியே உட்காரவைத்தால் பெஞ்சிலிருந்து கைதட்டுகிறாளா, தலையைத் தொங்கப்போடுகிறாளா? ஆட்ட வீடியோ பார்க்கும்போது பெஞ்சில் நடப்பதையும் கவனிப்பதாக ஆரியெம்மா வெளிப்படையாகவே சொன்னவர்.

படி 5: விதிகளை மனப்பாடமாக்குங்கள்

முதல் டிவிஷனில் வெளியூர் சென்று ரெக்ரூட்டிங் செய்ய, விதிமுறைத் தேர்வில் தேறியிருக்க வேண்டும். ஆண்டு நான்கு வகைக் காலங்களாகப் பிரிகிறது:

• தொடர்புக் காலம்: மாணவியை அவர் ஊரிலேயே நேரில் சந்திக்கலாம்.
• மதிப்பீட்டுக் காலம்: ஆட்டத்தைப் போய்ப் பார்க்கலாம்; கல்லூரி வளாகத்துக்கு வெளியே நேரில் பேசக் கூடாது.
• அமைதிக் காலம்: உங்கள் வளாகத்தில் மட்டும் சந்திக்கலாம்.
• முடக்கக் காலம்: நேரில் சந்திப்பே கூடாது, தொலைபேசியும் எழுத்துத் தொடர்பும் மட்டும்.

படி 6: வீட்டில் உண்மையைப் பேசுங்கள்

பெற்றோர் கேட்கும் கேள்விகள் நேரானவை. பிள்ளை பட்டம் வாங்குவாளா? காயம்பட்டால் யார் பார்ப்பார்கள்? நீங்களே வேறு கல்லூரிக்குப் போய்விட்டால்? தெரிந்ததைச் சொல்லுங்கள். எல்லா ஆட்டத்திலும் இறக்குவேன் என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள். சம்மிட்டிடம் முழுக் காலமும் ஆடி முடித்த அத்தனை பேரும் பட்டம் பெற்றார்கள். பெற்றோரிடம் சொல்ல அதைவிடப் பெரிய பதில் ஏது?

படி 7: மறுத்தவரிடமும் முகம் கோணாதீர்கள்

நிறைமாத கர்ப்பிணியாகச் சம்மிட் தேடிப் போன மார்சினியாக், முதலில் சேர்ந்தது நோட்டர் டேம் பல்கலைக்கழகத்தில். ஓராண்டு ஆடிவிட்டு டென்னசிக்கு மாறினார். 1996-ல் டென்னசி தேசியப் பட்டம் வென்றபோது, இறுதிச் சுற்றின் சிறந்த ஆட்டக்காரர் அவர்தான். 2018-ல் ‘டிரான்ஸ்ஃபர் போர்ட்டல்’ வந்த பிறகு வீராங்கனைகள் கல்லூரி மாறுவது இன்னும் எளிதாகிவிட்டது. அதனால், இன்று உங்களை வேண்டாம் என்ற வீட்டுக்கும் மனமார வாழ்த்துச் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். நாளை அந்தப் பெண் கல்லூரி மாற நினைக்கும்போது, அவள் நினைவில் இருக்கப்போவது நீங்கள் விடைபெற்ற விதம்தான்.