சங்கம் சேரும் உரிமை: வணிகர் அறிய வேண்டியவை



கடைச் சிப்பந்திகளோ, மூட்டை தூக்கும் தொழிலாளர்களோ சங்கம் சேர்கிறார்கள் என்றாலே நம்மில் பலருக்கு முகம் சுருங்கிவிடுகிறது. அந்த உரிமை எப்படிச் சட்டமாயிற்று, இன்று நம்மிடம் என்ன எதிர்பார்க்கிறது என்று பார்ப்போம்.

பெரம்பூர் பஞ்சாலைத் தொழிலாளர்கள் சாப்பாட்டு நேரம் போதவில்லை என்று முறையிட்டது செல்வபதி செட்டியார், ராமானுஜுலு நாயுடு என்ற இரு வணிகர்களிடம். அவர்கள் முயற்சியால் 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் அமைந்தது. பி.பி. வாடியா தலைவரானார். ஆலை நிர்வாகம் வழக்குத் தொடர, 1920இல் உயர் நீதிமன்றம் வாடியா மீது தடையுத்தரவு போட்டது. சங்கம் நடத்துவதே சட்டப்படி ஆபத்து என்றானது. இதன் பிறகே 1921இல் என்.எம். ஜோஷி, தொழிற்சங்கங்களுக்குப் பாதுகாப்புச் சட்டம் வேண்டுமென்று மத்திய சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்தார். 1926இல் அது தொழிற்சங்கச் சட்டமாயிற்று.

ஆனால் முதலாளி சங்கத்தை அங்கீகரித்தே தீரவேண்டும் என்று அதில் இல்லை. அதற்காக 1947இல் நிறைவேறிய திருத்தமும் அமலுக்கு வரவில்லை. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பே அந்தக் குறையை நிரப்புகிறது. ஒரு நிறுவனத்தில் பல சங்கங்கள் இருந்தால், 51 சதவீதத் தொழிலாளர் ஆதரவு பெற்றதே பேச்சுவார்த்தைக்கு உரியது. எதற்கும் அந்த அளவு ஆதரவு இல்லையேல், 20 சதவீதத்துக்குக் குறையாத ஆதரவுள்ள சங்கங்கள் சேர்ந்து ஒரு குழுவாகப் பேசும். நாலு பேரிடம் நாலு விதமாகப் பேசுவதைவிட இது நமக்கும் நல்லதே.

நாம் கவனிக்க வேண்டியவை:

1. சங்கத்தில் சேர்ந்தால் வேலையை விட்டு எடுத்துவிடுவோம் என்று மிரட்டுவது முறையற்ற செயல், தண்டனைக்குரியது.

2. சங்கம் உருவாகும் சமயம் பார்த்து, அதைக் கலைக்கும் நோக்கில் சம்பளம் கூட்டுவதும் அதே வகைதான்.

3. சம்பளம், ஏற்று இறக்குக் கூலி, விடுமுறை ஆகியவற்றை எழுத்தில் வைப்பது நல்லது. பாதித் தகராறு அதிலேயே தீரும்.

வரி உயர்ந்தால் நாம் சங்கமாகக் கூடி மனுக் கொடுக்கிறோம்; கடையடைப்பும் செய்கிறோம். நாம் கூடினால் ஒற்றுமை, நம்மிடம் வேலை செய்பவர் கூடினால் வம்பு என்பது தராசில் இரண்டு வகைப் படிக்கல் வைப்பதாகும். வணிகனுக்கு அது அழகல்ல.