அடைத்த கதவும் அடையா வாயிலும்

நுழையும்முன்
அரசனைக் காணச் செல்பவர் திறை கொண்டு செல்வதுண்டு. படை கொண்டு செல்வதுமுண்டு. யாழும் பசியும் மட்டுமே கொண்டு சென்றவரை ஓர் அரசன் எவ்வாறு வரவேற்றான் என்பதை இன்றைய திண்டிவனம் வட்டாரத்தைக் களமாகக் கொண்ட சங்க இலக்கியம் ஒன்று காட்டுகிறது.

பத்துப்பாட்டு நூல்களுள் ஒன்று சிறுபாணாற்றுப்படை. 269 அடிகளைக் கொண்ட இந்நூலை இயற்றியவர் இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார். பாட்டுடைத் தலைவன் ஓய்மாநாட்டை ஆண்ட நல்லியக்கோடன். அவனுடைய ஊராகிய கிடங்கில், இன்று கிடங்கல் என்னும் பெயருடன் திண்டிவனத்தின் பகுதியாக விளங்குகிறது. பரிசில் பெற்று மீளும் பாணன் ஒருவன், வறுமையில் வாடும் மற்றொரு பாணனை அம்மன்னனிடம் ஆற்றுப்படுத்துவதே நூலின் பொருள்.

வழிகாட்டும் பாணன் முதலில் தன் பழைய வறுமையைக் கூறுகிறான். அவன் வீட்டு அடுக்களையில் அடுப்பு எரியவில்லை. அங்கே நாய் குட்டி ஈன்றிருந்தது. சுவரைக் கறையான் அரிக்க, காளான் பூத்திருந்தது. அவன் மனைவி குப்பையில் முளைத்த வேளைக்கீரையை நகத்தால் கிள்ளி வந்து உப்பின்றி வேகவைத்தாள். பிறர் காண நாணிக் கதவை அடைத்தாள். அந்நிலையிலும் சுற்றத்தாரோடு பகிர்ந்தே உண்டனர். பசியைவிட, பசித்திருப்பதைப் பிறர் காண்பதே அவர்களுக்குப் பெருந்துன்பமாக இருந்தது.

கிடங்கிலை அடையுமுன் பாணர் மூன்று ஊர்களைக் கடக்க வேண்டும். மரக்காணம் பகுதி எனக் கருதப்படும் எயிற்பட்டினத்தில் பரதவர் தேறலும் சுட்ட குழல்மீனும் தருவர். வேலூரில் எயிற்றியர் புளிச்சோற்றை ஆமான் சூட்டிறைச்சியுடன் அளிப்பர். ஆமூரில் உழவர் குலப்பெண், வழியே செல்வோரைத் தன் பிள்ளைகளைக் கொண்டு தடுத்து நிறுத்தி, கைக்குத்தல் அரிசிச் சோற்றையும் நண்டுக் கலவையையும் படைப்பாள். கடலும் காடும் வயலும் தந்ததை அந்தந்த நிலத்து மக்கள் விருந்தினர்க்குப் பகிர்ந்தனர். அரசனின் விருந்தோம்பல், குடிமக்களின் விருந்தோம்பலைத் தொடர்ந்தே வருகிறது.

நல்லியக்கோடனின் அரண்மனை வாயில் பொருநர்க்கும் புலவர்க்கும் அந்தணர்க்கும் அடைக்கப்படுவதில்லை. பாணரும் தடையின்றிப் புகலாம். அவன் அவர்களுக்கு மூங்கிலின் உட்பட்டை போன்ற மெல்லிய ஆடை அணிவிப்பான். வீமன் இயற்றியதாகக் கூறப்படும் மடைநூலின் நெறி வழுவாது சமைத்த பல்வகை உணவைப் பொற்கலத்தில் இடச்செய்வான். ஏவலர் பலர் இருந்தும் தானே அருகில் நின்று உண்பிப்பான். பின்னர்த் தேரும் பிற பரிசிலும் தந்து அன்றே வழியனுப்புவான். பரிசிலுக்காக நாள்தோறும் காத்துக்கிடக்கும் துன்பம் அவர்களுக்கு இல்லை.

பொற்கலமும் தேரும் அரசனின் செல்வத்தைக் காட்டுகின்றன. அருகில் நின்று உண்பித்ததோ அவன் பண்பைக் காட்டுகிறது. வறுமைக்கு நாணிக் கதவை அடைத்த குடும்பத்தினர், அடையா வாயிலின் வழியே மதிப்புடன் நுழைகின்றனர். விருந்தோம்பலின் பயன் வயிற்றை நிரப்புவதோடு முடிவதில்லை. வந்தவர் தலைநிமிரச் செய்வதே அதன் நிறைவு. இன்று விருந்தோம்பலைத் தொழிலாக மேற்கொள்வோர்க்கும் இது பொருந்தும். உயர்ந்தோரை உபசரித்தல் எளிது. எளியோரையும் அவ்வாறே உபசரிப்பதில்தான் விருந்தோம்புவோரின் தகுதி விளங்கும்.

கற்பவை கற்றபின்
1. எயிற்பட்டினம், வேலூர், ஆமூர் ஆகிய ஊர்களின் உணவு, அந்நிலங்களின் தொழிலோடு எவ்வாறு பொருந்துகிறது என்பதை வகுப்பில் கலந்துரையாடுக.
2. உங்கள் ஊரில் விருந்தினர்க்குச் சிறப்பாகப் படைக்கும் உணவு குறித்து ஒரு பத்தி எழுதுக.